பரிசத்துக்குப் போன அடுக்கு டப்பா

"தொறங்க மாப்ள, பாப்போம்" என்றார் கங்காணி.

கூடத்தின் நடுவில் பாய். பாயின் நடுவில் நான் கடைந்த மர அடுக்கு. கீழே எட்டங்குல அகலத்தில் தொடங்கி, ஒவ்வொரு டப்பாவுக்கும் அரையங்குலம் சிறுத்து, உச்சியில் மூன்றங்குலத்தில் முடிந்தது. மொத்தம் பதினொன்று. ஒன்றின் அடிப்பாகமே அதற்குக் கீழே இருப்பதன் மூடி. உச்சியில் இருந்ததற்கு மட்டும் குமிழ் வைத்த தனி மூடி.

தோட்டத்து லயன் வீட்டில் இருபது பேர் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு அதையே பார்த்தார்கள். நான் அவர்களைப் பார்த்தேன். பரிசம் போட வந்த மாப்பிள்ளை தலை குனிந்திருக்க வேண்டும் என்று அம்மா லோரியில் ஏறும்போதே சொல்லியிருந்தார். தலை குனிவதாக இல்லை. அவ்வளவு பெருமை.

குமிழைப் பிடித்துத் திருகினேன். என் கை திரும்பியது. மூடி திரும்பவில்லை.

வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, சும்மா விளையாட்டுக்குச் செய்தவன் போலச் சிரித்துவிட்டு, மறுபடி திருகினேன். அசையவில்லை. சரி, மேலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று சட்டமா என்று இரண்டாவதைப் பிடித்தேன். அப்புறம் ஐந்தாவதை. கடைசியில் அடி டப்பாவை இரண்டு காலாலும் இடுக்கிக்கொண்டு மற்ற பத்தையும் கட்டிப்பிடித்து இழுத்தேன். பதினொன்றும் ஒரே மரத்தில் பிறந்தவைதான். மறுபடியும் ஒரே மரமாகிவிடும் என்று யார் கண்டார்கள்.

பின்வரிசையில் ஒரு குழந்தை சிரித்தது. கங்காணி கண்ணாடியைக் கழற்றினார்.

தேங்காயைக் கேட்டார்கள்

கங்காணி கண்ணாடியைக் கழற்றினால் என்ன அர்த்தம் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

ரிங்லெட் பக்கம், கீழ்த்தோட்டத்தில் அவர் வெகுகாலம் கங்காணி. பெண்ணின் பெரியப்பா. பெண் பெயர் தனலெட்சுமி, எல்லோருக்கும் தனம். அவள் அப்பா சீக்கிரமே தவறிவிட்டதால் வளர்த்து ஆளாக்கியது பெரியப்பாதான். நல்ல மனிதர். வாயில் ஒரு கெட்ட வார்த்தை வராது, யார் வீட்டுச் சடங்கு என்றாலும் முதல் ஆளாக நிற்பார். சகுனம் பார்ப்பது ஒன்றுதான் அவருக்கிருந்த வியாதி.

தனத்துக்கு எனக்கு முன்பே இரண்டு சம்பந்தம் வந்தது. முதல் சம்பந்தத்தில் பரிசத்தன்று உடைத்த தேங்காய் அழுகலாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றினார், சம்பந்தம் முடிந்தது. இரண்டாவது மாப்பிள்ளை கம்போங் ராஜா பக்கம் காய்கறி போடுகிறவர். அவர்கள் வந்த லோரி கியா பார்ம் ஏற்றத்தில் நின்று, பிரேக் பிடிப்பதற்குள் இரண்டு அடி பின்னால் உருண்டுவிட்டது. அதை அவர்களோடு வந்த ஒருவர் வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

"பரிசத்துக்கு வர்ற லோரி பின்னாலயா போச்சு?" என்று கேட்டுக் கண்ணாடியைக் கழற்றினாராம். அன்று சமைத்த சாப்பாட்டைக் கூட அவர்கள் சாப்பிடாமல் போனார்களாம்.

இரண்டு முறையும் பெண்ணைக் கேட்டார்களா என்று நீங்கள் கேட்கலாம். தேங்காயைக் கேட்டார்கள், லோரியைக் கேட்டார்கள்.

மூன்றாவது நான். இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: எழுபதுகளின் நடுவில், பிரிஞ்சாங்குக்கு மேலே இருக்கும் மேல்தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் நான் பிட்டர். இயந்திரத்தில் எது தேய்ந்தாலும் அதைக் கடைந்து சரிசெய்வது என் வேலை. கையெல்லாம் எண்ணெய், வாயெல்லாம் பெருமை.

பெண் பார்க்கப் போனபோது தனம் கோப்பி கொண்டுவந்தாள். மங்குக் குவளையைத் தளும்பாமல் என் முன் வைத்தவள், என் சட்டைக் காலரை ஒருமுறை பார்த்தாள். அதில் காலையில் கடைந்த இரும்பின் சுருள் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்ததை அப்புறம்தான் கண்டேன். அவள் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அவ்வளவுதான். எனக்கு அந்தப் பெண்தான் வேண்டும் என்று தோன்றிவிட்டது. அவளுக்கு என்ன தோன்றியது என்று தெரியவில்லை. யாரும் கேட்கவில்லை, நான் உட்பட.

பதினொன்றுக்கு இடமில்லை

பரிசத்துக்குச் சீர் எத்தனை தட்டு என்ற பேச்சு வந்தது. ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையில் வைப்பது வழக்கம். அம்மா ஏழு என்றார். கங்காணி பதினொன்று என்றார்.

"ஒம்பதுதான் எல்லாரும் வக்கிறாங்க. எந்தம்பி இருந்திருந்தா பதினொன்னு கேட்டுருப்பான்" என்றார். செத்துப்போனவர் பெயரைச் சொன்னபிறகு அம்மா என்ன பேச முடியும்.

பொருளில் சிக்கல் இல்லை. இடத்தில்தான் சிக்கல். அந்த வீட்டுக் கூடத்தில் பதினொரு தட்டைப் பரப்பினால் ஆள் வெளியே உட்கார வேண்டும். ஆள் உட்கார்ந்தால் தட்டு வெளியே போக வேண்டும். வெளியே ரிங்லெட் மழை. அதோடு அந்த லயன் கோழிகளுக்கு வெற்றிலை என்றால் உயிர்.

திரும்பி வரும்போது லோரியில் அம்மா புலம்பிக்கொண்டே வந்தார். "ஒன்னு மேல ஒன்னாவா அடுக்க முடியும்?"

எனக்குள் ஏதோ ஒன்று சுழல ஆரம்பித்தது. அடுக்கினால் என்ன?

மறுவாரமே கங்காணியிடம் போய்க் கேட்டேன். தட்டுக்குப் பதில் டப்பா, பதினொரு டப்பா, ஒன்றின் மேல் ஒன்று, எல்லாம் மரத்தில், என் கையால். அவர் வெகுநேரம் யோசித்தார். கை கண்ணாடிப் பக்கம் போனது. கழற்றவில்லை. மூக்கின் மேல் கண்ணாடியை நன்றாக ஏற்றிக்கொண்டார்.

"எண்ணிக்க சரியா இருக்கணும். சபையில ஒவ்வொன்னா தொறந்து காட்டணும். அவ்ளோதான்."

கூரையிலிருந்து கட்டிய வீடு

அந்தச் சமயம் தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு பெரிய நிழல் மரம் காற்றில் விழுந்து கிடந்தது. அதிலிருந்து கனமான துண்டுகளாகப் பதினாறு அறுத்துக்கொண்டேன். பதினொன்றுக்கு எதற்குப் பதினாறு என்றால், ஐந்து வெடிக்கும் என்று எனக்கே தெரியும். அந்த ஒரு விஷயத்தில் மட்டும்தான் அடக்கமாக இருந்தேன்.

உடைந்த தேயிலைப் பெட்டியின் பலகையில் சாக்கட்டியால் படம் போட்டேன். உச்சியிலிருந்து ஆரம்பித்து, அழகான சின்ன டப்பா, அதற்குக் குமிழ், அதற்குக் கீழே அடுத்தது என்று இறங்கி வந்தேன். தேயிலை காயவைக்கும் டிரையரைப் பார்த்துக்கொள்ளும் முனியாண்டி அண்ணன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"ஏன் தம்பி, வீட்ட கூரையிலேருந்தா கட்டுவாங்க?"

அவர் சொன்னது சரிதான். கீழ் டப்பாவின் வாய் எவ்வளவோ அவ்வளவுதான் மேல் டப்பாவின் அடி. அதனால் கீழ் டப்பாவை முதலில் முடித்து, அதன் வாயைக் காலிப்பரால் அளந்து, அந்த அளவு கலையாமல் அடுத்ததின் அடியில் ஒரு படி வெட்ட வேண்டும். அந்தப் படிதான் வாய்க்குள் இறங்கி உட்காரும். பலகையை ஈரத்துணியால் துடைத்துவிட்டுக் கீழிருந்து ஆரம்பித்தேன். முனியாண்டி அண்ணன் சொல்லித்தான் திருத்தினேன் என்பதை இன்றுதான் வெளியே சொல்கிறேன்.

எங்கள் கடைசல் இயந்திரமான லேத் இரும்புக்கும் பித்தளைக்கும் உள்ளது. மரம் கடையக்கூடாது என்பது எஞ்சினியர் துரையின் கட்டளை. மரத்தூள் எண்ணெயில் விழுந்தால் பிசினாகிவிடும். அதனால் சாப்பாட்டு நேரத்தில், லேத்தின் அடியில் கோணியை விரித்துக்கொண்டு, பழைய அரத்தைத் தீட்டிச் செய்த உளியால் கடைந்தேன்.

பச்சை மரம் கடைந்திருக்கிறீர்களா? தண்ணீர் தெறிக்கும். முகத்தில் சாரல் அடிக்கும். சீவல் நாடா நாடாவாகத் தலைக்கு மேலே பறந்து தோளில் விழும். இரும்பு கடைந்தே பழகியவனுக்கு அது பஞ்சுமிட்டாய் சாப்பிடுவது மாதிரி. அந்த நாட்களில் நான் பாட்டுப் பாடிக்கொண்டே வேலை செய்தேன் என்று முனியாண்டி அண்ணன் புகார் செய்வார்.

மூன்றாம் நாள் ஒரு துண்டு பிடி விட்டுப் பறந்துபோய்த் தகரச் சுவரில் அடித்தது. தேயிலை உருட்டும் ரோலர் ஓடும் சத்தத்தையும் மீறி இடி விழுந்த மாதிரி கேட்டது. ஓடி வந்த ஆபீஸ் கிராணியிடம் பெல்ட் அறுந்துவிட்டது என்றேன். என் தலைமுடி முழுக்க மரச் சீவல். அவர் அதைப் பார்த்துவிட்டு, "பெல்ட்ட நல்லா சீவி வாரிக்க லா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டப்

முதல் கடைசலில் சுவரை ஒரு விரல் கனத்துக்கு விட்டுவிட வேண்டும். மரம் காயும்போது கோணும். நன்றாகக் காய்ந்தபிறகு மறுபடி லேத்தில் ஏற்றிக் கோணலை எடுத்து மெல்லிசாக்க வேண்டும்.

காய வைப்பதற்கு எங்கள் தொழிற்சாலையை விட்டால் மலையிலேயே வேறு இடம் கிடையாது. தேயிலையை வறுத்து எடுக்கும் டிரையரின் மேல்தகடு எப்போதும் சுடும். பதினாறையும் அங்கே வரிசையாக ஏற்றிவைத்தோம். தேயிலைக்கு மூக்கு உண்டு, பக்கத்தில் எந்த வாசனை இருந்தாலும் பிடித்துக்கொள்ளும். இரண்டாம் நாள் தேயிலைப் பக்குவம் பார்க்கும் டீ மேக்கர் வந்து காற்றை முகர்ந்தார்.

"என்ன வாசன இது?"

"என் தலைக்குத் தேய்ச்ச எண்ணெய்ங்க" என்றார் முனியாண்டி அண்ணன். அவர் தலையில் முடியே கிடையாது. டீ மேக்கர் அவர் தலையை ஒரு முறை பார்த்தார், மேல்தகட்டை ஒரு முறை பார்த்தார், போய்விட்டார்.

ஆறு வாரத்தில் ஐந்து துண்டு வெடித்தது. மிச்சம் பதினொன்று. என் கணக்கு சரியாக வந்ததில் எனக்குத் தலை இன்னும் கொஞ்சம் கனத்தது.

இரண்டாவது கடைசலில்தான் நான் கெட்டுப்போனேன். பிட்டர் புத்தி. புஷ் வளையத்துக்குள் தண்டு இறங்குவது போல, மயிரிழை இடைவெளி கூட இல்லாமல் ஒவ்வொரு படியையும் வெட்டினேன். மூடியைப் போட்டால் உள்ளே இருக்கும் காற்று போக வழியில்லாமல் மூடி மெதுவாக, தானாக இறங்கும். எடுத்தால் 'டப்' என்று சத்தம். அந்தச் சத்தத்துக்காகவே ஒரு நாளைக்கு நாற்பது தடவை திறந்து மூடினேன்.

"கொஞ்சம் எடம் விடு தம்பி. இது மரம், இரும்பு இல்ல" என்றார் முனியாண்டி அண்ணன். "நாம கொளுத்திக் காய வக்கிற தேயிலையே வெளிய வச்சா ஈரம் குடிக்குது. அதுக்குத்தான பெட்டிக்குள்ள ஈயத்தாள் போடுறோம்."

"எடம் விட்டா டப்புன்னு சத்தம் வராதுண்ணே."

"சத்தத்தையா கட்டிக்கப் போற?"

நான் கேட்கவில்லை. கேட்காததற்கு ஒரு காரணம் உண்டு. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் எஞ்சினியர் துரையே வந்து நின்றுவிட்டார். லேத்தில் மரம். கையில் உளி. வேலை போச்சு என்று நினைத்தேன். அவர் உச்சி டப்பாவை எடுத்து மூடியை இழுத்தார். டப். மூடினார். மறுபடி இழுத்தார். டப். ஏழெட்டுத் தடவை. பிறகு அதைப் பத்திரமாக வைத்துவிட்டு, லேத்தை நன்றாகத் துடைக்கச் சொல்லிவிட்டு நடந்தார். அதற்குப் பிறகு முனியாண்டி அண்ணன் பேச்சு என் காதில் ஏறுமா?

ஈரம்

சனிக்கிழமை மாலை அடுக்கை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அம்மா வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், கற்கண்டு, பேரீச்சை, வளையல் என்று ஒவ்வொன்றாக நிரப்பி மூடினார். ஒவ்வொரு மூடிக்கும் டப் கேட்டது. சாமி படத்துக்குக் கீழே வைத்தார். அன்றிரவு பலகை இடுக்கு வழியாக வழக்கம்போல மேகம் வீட்டுக்குள் வந்து படுத்துக்கொண்டது. மறுநாள் காலை மழை. லோரியின் கன்வாஸ் இரண்டு இடத்தில் ஒழுகியது. அடுக்கைச் சுற்றியிருந்த பட்டுத்துணி ரிங்லெட் போய்ச் சேர்வதற்குள் நனைந்து ஒட்டிக்கொண்டது. நான் துணியைப் பற்றித்தான் கவலைப்பட்டேன்.

டிரையர் சூட்டில் எலும்பாகக் காய்ந்த மரத்தை, டிரையருக்குப் பக்கத்திலேயே நின்று, மயிரிழை இடமில்லாமல் பொருத்திவிட்டு, மலை மேகத்திலும் மழையிலும் கொண்டுபோனால் அது என்ன செய்யும்? முடிந்த மட்டும் ஈரம் குடித்து உப்பும். வேறெந்த ஊர்த் தச்சனும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது. அவனிடம் டிரையர் இல்லை.

இதெல்லாம் கங்காணி கண்ணாடியைக் கழற்றிய அந்த நிமிடத்தில்தான் எனக்கு வரிசையாகப் புரிந்தது.

"சீரு வாயத் தொறக்க மாட்டேங்குதே" என்றார் அவர் மெதுவாக. கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. அம்மா முந்தானையைப் பிசைந்தார்.

அப்போது அடுப்படித் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். அவள் குரலை நான் முதல்முறை கேட்டது அப்போதுதான்.

"ஈரம் குடிச்சிருக்கு பெரியப்பா. அடுப்புக்கு மேல பரண்ல வச்சா கழண்டுரும்."

தனம் கீழ்த்தோட்டத் தொழிற்சாலையில் தேயிலை சலிக்கும் அறையில் வேலை செய்தாள். ஈரம் குடித்தது எது, காய்ந்தது எது என்று அவளுக்குக் கையால் தொட்டாலே தெரியும். கங்காணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை, மணி மூன்றரை தாண்டியிருந்தது.

"நால்ரைக்கு ராகு காலம். அதுக்குள்ள பதினொன்னும் தொறந்தா பாப்போம். இல்லன்னா மன்னிச்சிருங்க" என்றார்.

பரண்

விறகு காயப்போடும் பரணில் அடுக்கு ஏறியது. எல்லோருக்கும் இன்னொரு சுற்றுக் கோப்பி வந்தது. ஆறிப்போனது. யாரும் குடிக்கவில்லை.

சூடு பட்டால் வெளிச்சுவர்தான் முதலில் காயும், அது சுருங்கி இன்னும் இறுக்கும் என்று எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் பொறுத்தால் உள்ளேயும் காய்ந்து தளரும். கடிகாரம் எவ்வளவு நேரம் பொறுக்கும் என்பதுதான் தெரியவில்லை. கைக்குட்டையைத் தேடினேன். சட்டைப் பை மேல் கையை வைத்தேன்.

பைக்குள் மோதிரம் இருந்தது.

காலையில் லோரி ஏறும்போது அம்மா அதைக் கையில் கொடுத்து, "உச்சி டப்பாவுல வச்சிரு" என்றார். லோரி குலுக்கலில் மோதிரம் உருண்டு, மெழுகு போட்டு நான் தேய்த்த பளபளப்பில் கீறல் விழுந்துவிடுமே என்று பையில் போட்டுக்கொண்டேன், வந்து இறங்கியதும் வைத்துவிடலாம் என்று. வந்து இறங்கியதும் மறந்துவிட்டேன்.

அதாவது, உச்சி டப்பா காலி. பரிசத்துக்கு வெறும் டப்பா.

அழுகல் தேங்காய்க்கே கண்ணாடியைக் கழற்றியவர் வெறும் டப்பாவைக் கண்டால் என்ன செய்வார் என்று யோசிக்கவே முடியவில்லை. சற்று முன்னால் சபை நடுவில் முதலில் அந்த மூடியைத்தான் திருகினேன் என்பது ஞாபகம் வந்தது. அதுவரை எல்லாம் திறக்க வேண்டும் என்று முருகனை வேண்டிக்கொண்டிருந்தவன், அந்த நிமிடத்திலிருந்து உச்சி டப்பா மட்டும் திறக்கவே கூடாது என்று வேண்ட ஆரம்பித்தேன். முருகனுக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

அடுப்படிக்குப் போய் மோதிரத்தை உள்ளே போட்டுவிடலாம் என்றால், அங்கே முழுக்கப் பெண்கள். மாப்பிள்ளை எழுந்து அடுப்படிக்குப் போனால் அது தனிச் சகுனம்.

நாலே கால் இருக்கும். உள்ளேயிருந்து 'டப்' என்றது. அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு டப். தனத்தின் பெரியம்மா டப்பாக்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து பாயில் வைத்தார். வெற்றிலை, பாக்கு, மஞ்சள். கங்காணி விரல் விட்டு எண்ணினார். ஏழு, எட்டு, ஒன்பது, பத்து.

பதினோராவது மூடியோடு வந்தது.

"இது மட்டும் கழல மாட்டேங்குது" என்றார் பெரியம்மா.

கங்காணியே எடுத்துத் திருகினார். அவர் தம்பி முறை ஆள் ஒருவர் துண்டைச் சுற்றித் திருகினார். என்னிடம் வந்தது. மூடி சில்லென்று ஈரமாக இருந்தது. உச்சியில் இருந்ததால் சூடு படவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டு, பல்லைக் கடித்து, முகம் சிவக்க, துளிக்கூடப் பலம் இல்லாமல் திருகினேன்.

"உள்ள மோதிரம் இருக்கு. ஒடச்சிரலாம்" என்றார் அம்மா, பாவம்.

"சீரு சாமான ஒடைக்கிறதா?" கங்காணி கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து நிமிடம் இருந்தது. "பத்துதான் தொறந்துருக்கு. பத்துன்னா ரெட்டப்பட." கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

மோதிரத்தை எடுத்துக் காட்டிவிடலாமா என்று என் கை பைக்குப் போனது. திரை விலகியது. தனம் வாசற்படியில் நின்றாள்.

"அந்த டப்பா எங்கிட்ட இருக்கட்டும் பெரியப்பா. கல்யாணம் முடிஞ்சு நானே தொறந்துக்குறேன்."

சபையில் பெண் வாய் திறப்பது வழக்கமில்லை. கங்காணி அவளையே பார்த்தார். தான் வளர்த்த பெண்ணை அன்றுதான் பார்ப்பவர் போலப் பார்த்தார்.

"அப்ப ஒனக்கு இந்தப் பையன புடிச்சிருக்காம்மா?"

"புடிச்சிருக்கு பெரியப்பா."

கங்காணி மடித்த கண்ணாடியைப் பிரித்து மாட்டிக்கொண்டார். உச்சி டப்பாவை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"அவ வாங்கிக்கிட்டா. அப்ப பதினொன்னு" என்றார் சபையைப் பார்த்து. நாலரை அடிப்பதற்குள் தாம்பூலம் மாறியது. அம்மா அழுதார். நானும் கொஞ்சம் அழுதேன், புகைதான் காரணம் என்று சொல்லிக்கொண்டேன்.

குழாயடி

சாப்பாடு முடிந்து கை கழுவும் சாக்கில் வீட்டுக்குப் பின்னால் போனேன். தனம் குழாயடியில் மங்குகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். மழை விட்டிருந்தது. அவளைத் தவிர அங்கே யாரும் இல்லை.

பொய்யோடு ஆரம்பிக்க எனக்கு மனம் வரவில்லை. மோதிரத்தை எடுத்து நீட்டினேன்.

"அந்த டப்பாவுல... ஒன்னும் இல்ல. மறந்துட்டேன். காலி டப்பாதான் அது."

"தெரியும்" என்றாள்.

"ஆட்டிப் பாத்தீங்களா?"

"தொறந்து பாத்தேன்." மங்கைக் கவிழ்த்து வைத்தாள். "மொதல்ல கழண்டதே அதான். காலியா இருந்துச்சு. மூடியத் தண்ணியில முக்கி, ஒலக்கையால ரெண்டு தட்டு தட்டி ஏத்திட்டேன்."

மூன்று மாதம் கடைந்தவன் நான். அந்த மரத்தை அரைமணி நேரத்தில் என்னைவிட நன்றாகப் புரிந்துகொண்டவள் அவள்.

"என்னையக் காப்பாத்தவா?" என்றேன்.

அவள் எழுந்து ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தாள். மோதிரத்தை என் உள்ளங்கையிலிருந்து எடுத்துத் தானே விரலில் போட்டுப் பார்த்தாள்.

"அதுவுந்தான்" என்றாள். "ஆனா பதினொன்னும் தொறந்துருந்தா, என்னைய யாராச்சும் ஒரு வார்த்த கேட்டுருப்பாங்களா?"